1880களின் கார்செட்: எல்.எஸ். பெல்ட்டை வைத்துச் சமாளிக்க முடியுமா?

கூத்துக்காரி:

வணக்கம். 1880களில் ஐரோப்பிய நகரம் ஒன்றில் நடக்கும் நாடகத்துக்கு ஆடைகள் தயாராகின்றன. ஒரு காட்சியில் நாயகி மேல்கவுனைக் கழற்றிவிட்டுக் கார்செட்டோடு (இடையை இறுக்கி உடலுக்கு வடிவம் கொடுக்கும் உள்ளாடை) நிற்கிறாள். அதனால் உள்ளே ஏதோ ஒன்றைக் கட்டி ஒப்பேற்ற முடியாது, பார்வைக்கும் சரியாக இருக்க வேண்டும். நடிகையின் இடை 30 அங்குலம். இரண்டு மணி நேரம் உரக்கப் பேச வேண்டும், உட்கார வேண்டும், ஓரிடத்தில் குனிந்து ஒரு கடிதத்தை எடுக்க வேண்டும்.

தெரிய வேண்டியவை இவை. சர்ஜிகல் கடையில் முதுகுவலிக்குக் கிடைக்கும் எல்.எஸ். (லம்போ-சேக்ரல், கீழ்முதுகு) பெல்ட்டின் மேல் சாட்டின் துணி போர்த்தித் தைத்தால் போதுமா? புதிதாகத் தைப்பதென்றால் எத்தனை அங்குலம் இறுக்கலாம்? விலா எலும்பை அறுத்து எடுத்துவிட்டுக் கட்டினார்கள் என்கிறார்களே, அது உண்மையா? கடைசியாக ஒன்று: நடிகைக்கு முதுகெலும்பில் லேசான பக்க வளைவு (ஸ்கோலியோசிஸ்) உண்டு. கார்செட் அதை நிமிர்த்திவிடும் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

ஊசிமுனை:

பெல்ட் யோசனையை விட்டுவிடுங்கள். எல்.எஸ். பெல்ட் ஒரு நேர் உருளை. எலாஸ்டிக் வயிற்றை உள்ளே தள்ளும், பின்னால் இருக்கும் அலுமினியப் பட்டைகள் முதுகைத் தாங்கும், அவ்வளவுதான். இடையில் குறுகி, மேலும் கீழும் விரியும் வடிவம் அதற்கு வராது. மேலே துணி போர்த்தினால் வெல்க்ரோவின் மேடும் பட்டைகளின் முனைகளும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும்.

தைக்கும்முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கார்செட்டில் உடலை இறுக்கிப் பிடிப்பது துணி. உள்ளே போகும் ஸ்டீல் பட்டைகளின் வேலை, அந்தத் துணி மடங்கிச் சுருண்டு இடையில் குவியாமல் நிமிர்த்தி வைப்பது மட்டுமே. இது புரியாதவர்கள் மெல்லிய சாட்டினில் தைத்துவிட்டு இருபது பட்டைகளைச் சொருகுவார்கள். இரண்டாம் நாளே தையல் வாய் பிளக்கும்.

துணி: கார்செட்டுக்கென்றே நெய்த கூட்டில் என்ற ஹெர்ரிங்போன் பருத்தி இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் நெருக்கமாக நெய்த பருத்தி டிரில் போதும். வாங்குமுன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், கொஞ்சமும் நீளக்கூடாது. லைக்ரா கலந்த டிரில் வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் சாட்டின் வெளியடுக்கு மட்டும்தான், பாரத்தைச் சுமப்பது உள்ளே உள்ள டிரில்.

அளவு: 30 அங்குல இடைக்கு, பழக்கமில்லாதவர் பேசி நடிக்க, 27 வரை போகலாம், அதற்குக் கீழே வேண்டாம். முதுகில் கயிறு கட்டும் இடத்தில் 2 அங்குல இடைவெளி விடுவது வழக்கம். அப்படியென்றால் துணியின் மொத்த இடை அளவு 25, ஒரு பாதிக்கு 12½. மார்புக்குக் கீழே 1 அங்குலத்துக்கு மேல் குறைக்காதீர்கள், மூச்சு அங்கேதான் மாட்டும். மேல் இடுப்பில் குறைக்கவே கூடாது. இடையில் நெருக்கிய சதை எங்கேயாவது போயாக வேண்டுமே! அங்கே 1 அங்குலம் கூட்டியே வையுங்கள். முன்பக்க நீளத்தை நடிகையை நாற்காலியில் உட்கார வைத்து அளக்க வேண்டும். கீழ் ஓரம் தொடை மடிப்புக்கு ஓர் அங்குலம் மேலே முடியட்டும். நின்றபடி அளந்து தைத்தால், உட்காரும்போது கார்செட் முழுவதும் மேலேறி மார்பில் முட்டும்.

முதலில் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்து, பட்டையும் கயிறும் தற்காலிகமாகப் போட்டுக் கட்டிப் பாருங்கள். மாதிரியை மேசையில் விரித்துப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள், உடலில் ஏறிய பிறகுதான் உண்மை தெரியும். முதுகு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே விரிந்து கீழே குறுகினால் மேலே துணி போதவில்லை, கீழே அதிகம். நடுவில் மட்டும் விரிந்து நின்றால் இடையை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள். அடைப்புக்குறி மாதிரி வளைந்து நெளிந்தால் முதுகில் கயிறு கோக்கும் கண்களுக்கு (துளைகளுக்கு) பக்கத்தில் உள்ள பட்டை வலுவில்லை. இடைக்கு மேலே குறுக்குச் சுருக்கம் விழுந்தால் பெரும்பாலும் கார்செட்டின் இடைக்கோடு அவருடைய இடையில் உட்காரவில்லை என்று அர்த்தம்.

ஒரு பாதிக்கு ஆறு துண்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் நேர் நூல் (துணியின் நீளவாட்டு இழை) இடைக்கோட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு துண்டு கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டுப்பட்டாலும் அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். தையல் 2 மில்லிமீட்டர் நீளத்தில், ஒவ்வொரு இணைப்பும் இரண்டு முறை. வளைவுகளில் கத்தரிக்க வேண்டியிருந்தால் விட்ட துணியில் பாதி ஆழத்துக்கு மேல் வெட்டாதீர்கள்.

இடை நாடாவை மறக்கவே கூடாது. இரண்டு அடுக்குக்கும் நடுவில், இடைக்கோட்டில், முன்பக்கத்திலிருந்து முதுகுக் கண் வரை ஓர் அங்குல அகலப் பருத்தி நாடா ஓட வேண்டும், நீளம் சரியாக 12½. வளைந்த இணைப்புகளின் ஓரத்தில் துணி கொஞ்சம் கிராஸாகத்தான் இருக்கும், இழுத்தால் நீளும். நாடா அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். நாடா இல்லாத கார்செட் நாலைந்து காட்சிகளுக்குப் பிறகு இடையில் ஓர் அங்குலம் தளர்ந்திருக்கும்.

முன்பக்கப் பூட்டுக்குப் பெயர் பஸ்க்: ஒரு ஸ்டீல் பட்டையில் வளையங்கள், மற்றதில் குமிழ்கள். அணிபவரின் வலது பக்கம் வளையம், இடது பக்கம் குமிழ். கீழே உள்ள இரண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும், அதுதான் அடிப்பக்கம். தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரிப்பவர்கள் ஏராளம். வளையப் பக்கத்துக்குத் தையலிலேயே இடைவெளி விட்டு வளையங்களை வெளியே எடுக்க வேண்டும். குமிழ்ப் பக்கத்துக்குக் குத்தூசியால் இழைகளை விலக்கித் துளை போடுங்கள். கத்தரியால் வெட்டினால் அங்கிருந்தே கிழியும். பட்டையை ஒட்டித் தைக்க மெஷினில் ஜிப் ஃபுட் மாட்டிக்கொள்ளுங்கள்.

1880களில் மேலே ஒடுங்கிக் கீழே கரண்டி போல அகன்று வயிற்றின் மேல் வளையும் பஸ்க்தான் நாகரிகம். ஆனால் நேர் பஸ்க்கும் அதே காலத்தில் இருந்தது, முதல் முறைக்கு அதுவே நல்லது.

முதுகுக் கண்களுக்கு வளையத்தோடு வாஷரும் சேர்ந்த இரண்டு துண்டு ஐலெட், 5 மில்லிமீட்டர். ஒற்றைத் துண்டு ஐலெட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு ஒன்று, இடைப் பகுதியில் மட்டும் முக்கால் அங்குலத்துக்கு ஒன்று. கண் வரிசையின் இரு புறமும் தட்டையான ஸ்டீல் பட்டை இருக்க வேண்டும், ஆக முதுகில் மொத்தம் நான்கு. பக்கத்து வளைவுகளுக்குச் சுருள் கம்பிப் பட்டை போடுங்கள், அது இரு திசையிலும் வளையும். பட்டையை அதன் குழலைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டையாக வெட்டி, முனையில் தொப்பி மாட்டுங்கள். முழு நீளத்துக்கு வெட்டினால் ஓரப் பட்டியைக் குடைந்துகொண்டு வெளியே வரும். அந்தக் காலத்துக் கார்செட்டில் பட்டை முனைகளில் விசிறி மாதிரி வண்ண நூல் தையல் போட்டிருப்பார்கள். அது அழகுக்கு மட்டும் அல்ல, பட்டையை நகராமல் பிடிக்கும். உங்கள் காட்சியில் கார்செட் கண்ணில் படுவதால் அதைக் கட்டாயம் போடுங்கள்.

கயிறு 5 முதல் 6 மீட்டர், தட்டையான பாலியெஸ்டர் அல்லது பருத்தி. சாட்டின் ரிப்பன் வழுக்கும். மேலிருந்தும் கீழிருந்தும் குறுக்காகக் கோத்து வந்து இடையில் இரண்டு பெரிய கண்ணிகள் விட்டு, அவற்றைப் பிடித்து இழுத்துக் கட்ட வேண்டும்.

பேழை:

ஊசிமுனை தையலை முழுதாகச் சொல்லிவிட்டதால் நான் விலா எலும்புக்கு வருகிறேன். அறுவை செய்து விலாவை எடுத்தார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஈதர் மயக்க மருந்து மக்கள் அறிய வந்ததே 1846இல். அறுவை மருத்துவர் லிஸ்டர் கிருமிநீக்க முறையை வெளியிட்டது 1867இல். அதற்கு முன்னும், அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், நெஞ்சுப் பகுதியைத் திறப்பது சாவோடு விளையாடுவது. இடை மெலிய அதைச் செய்துகொண்டார்கள் என்பது வெறும் செவிவழிக் கதை.

16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசி கத்ரீன் தெ மெதிசி அரசவைப் பெண்களுக்கு 13 அங்குல இடையை விதித்தார் என்பதும் அப்படித்தான். அதற்குச் சான்றாகக் காட்டப்படும் இரும்புக் கார்செட்டுகள் வேறு கதை. 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, கோணிய உடலைத் தாங்க, எடை குறையத் துளையிட்டு, உறுத்தாமல் இருக்க உள்ளே மெத்தை வைத்த இரும்புத் தகட்டுக் கார்செட்டை விவரித்திருக்கிறார். அருங்காட்சியகங்களில் உள்ளவற்றில் சில இப்படி மருத்துவத்துக்குச் செய்யப்பட்டவை என்றும், சில பிற்காலத்தில் செய்த போலிகள் என்றும் ஆடை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். அன்றாடம் உடுத்தியது துணியால் ஆனது. 1603இல் முதலாம் எலிசபெத்தின் இறுதிச் சடங்கு உருவத்துக்கு அணிவித்த கட்டுடல் (கார்செட்டுக்கு முன்னோடியான உள்ளாடை) இன்றும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. துணிக்குள் திமிங்கிலப் பட்டை வைத்துத் தைத்தது அது.

அந்தத் 'திமிங்கில எலும்பு' எலும்பே அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வகைத் திமிங்கிலங்களின் வாயில் இரையை வடிகட்டச் சீப்பு மாதிரி தொங்கும் பட்டை, நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். நீளவாக்கில் எவ்வளவு மெல்லியதாகவும் கீறலாம், சூட்டில் வளைத்தால் அந்த வளைவிலேயே நிற்கும். அதனால்தான் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அதற்கு ஈடு எதுவும் வரவில்லை.

உங்கள் நாடகத்துக்கு வேண்டிய வேறுபாடு இது. 18ஆம் நூற்றாண்டுக் கட்டுடல் ஒரு கூம்பு. மார்பை உயர்த்தி முதுகை நிமிர்த்தும், இடையை அவ்வளவாக நெருக்காது, கீழே நாக்கு நாக்காகப் பிரிந்திருக்கும். கண்கள் நூலால் சுற்றித் தைத்தவை, பலமாக இழுத்தால் கிழியும். 1828இல் பாரிஸில் உலோகக் கண்ணுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது. நூற்றாண்டின் நடுவில் முன்பக்கம் திறக்கும் பஸ்க்கும் தையல் மெஷினும் பரவின. 1860களில் மாவுக் கஞ்சியில் நனைத்த கார்செட்டை உலோக உருவத்தில் மாட்டி நீராவியில் காயவைத்து வடிவம் ஏற்றினார்கள். இவை எல்லாம் சேர்ந்துதான் நீங்கள் தேடும் மணற்கடிகார வடிவம் வந்தது. உதவிக்கு ஆள் இல்லாமல் தானே பூட்டிக்கொள்ளும் வசதி வந்ததால், வேலைக்குப் போகும் பெண்களும் அதை வாங்கினார்கள்.

எஞ்சியிருக்கும் விக்டோரியா காலக் கார்செட்டுகளின் இடை பெரும்பாலும் 20 முதல் 26 அங்குலத்துக்குள் வருகிறது. அது துணியின் அளவு. முதுகு இடைவெளியைச் சேர்த்தால் உண்மையான இடை இன்னும் பெரியது. ஆக உங்கள் நாயகிக்கு 27 என்பது காலத்துக்குப் பொருந்தாத அளவு அல்ல.

கெடுதல் இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜெர்மன் உடற்கூற்றியலாளர் சோம்மெரிங் 1788லேயே விலாக்கூட்டின் கீழ்ப்பகுதி ஒடுங்குவதை எழுதினார். 19ஆம் நூற்றாண்டுப் பிரேதப் பரிசோதனைகளில் சிலருடைய கல்லீரலில் விலா அழுத்திய பள்ளம் இருந்தது, அதற்குக் கார்செட் கல்லீரல் என்றே பெயர் வைத்தார்கள். 1908இல் பிரெஞ்சு மருத்துவர் ஓஃபலோவெல் எக்ஸ்ரே படங்களே வெளியிட்டார். அதே சமயம் காசநோய்க்கும் கார்செட்டைக் குற்றம் சொன்னார்கள். ஜெர்மன் மருத்துவர் கோஹ் 1882இல் அந்த நோயின் கிருமியைக் காட்டினார். எது உண்மைக் கெடுதல், எது அந்தக் காலத்து அச்சம் என்று பிரித்துப் படிக்க வேண்டும்.

நிகழ்ச்சித் தாளில் கார்செட்டைக் 'கச்சு' என்று மொழிபெயர்க்காதீர்கள், இது என் வேண்டுகோள். நம் இலக்கியத்துக் கச்சு மார்பில் இறுக்கிக் கட்டும் துணி. பட்டை வைத்து உடலுக்கு வேறு வடிவம் கொடுப்பது அதன் வேலை அல்ல. கார்செட் என்றே போடுங்கள்.

தண்டுவடம்:

முதுகு வளைவு பற்றிய கேள்விக்கு: நிமிர்த்தாது. காரணம் எளிது. கார்செட் சுற்றளவு முழுவதும் ஒரே மாதிரி நெருக்குகிறது. பக்க வளைவைத் திருத்தும் பிரேஸ் (உடலைச் சுற்றி அணியும் மருத்துவக் கவசம்) மூன்று புள்ளிகளில் தள்ளுகிறது: வளைவு புடைத்திருக்கும் உச்சியில் ஒரு திண்டு, எதிர்ப்பக்கம் மேலும் கீழும் இரண்டு. புடைத்த இடத்துக்கு எதிரே வெற்றிடம் விட்டிருப்பார்கள். முதுகெலும்பு நகர்ந்து போக அந்த இடம் வேண்டும். சுற்றிலும் இறுக்கினால் அது எங்கே போகும்?

பிரேஸ் வேலை செய்யும் காலமும் குறிப்பிட்டது, வளரும் வயது. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க-கனடிய ஆய்வில் 10 முதல் 15 வயது, 20 முதல் 40 டிகிரி வளைவு உள்ள பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 50 டிகிரியை எட்டாமல் வளர்ச்சி முடிந்தவர்கள் பிரேஸ் போட்டோரில் 72 சதவீதம், வெறுமனே கண்காணித்தோரில் 48 சதவீதம். தினம் சராசரியாக 12.9 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல். அணியும் மணிக்கணக்குதான் மருந்தின் அளவு. பிரேஸ் போட்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால்: உள்ளே தையல் இல்லாத பருத்தி பனியன் போடுங்கள், நம் வெயிலில் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். பிரேஸுக்கு அடியில் பவுடரோ க்ரீமோ பூசாதீர்கள், தோல் ஊறிப் புண்ணாகும். கழற்றிய அரை மணி நேரத்தில் சிவப்பு மறைய வேண்டும். மறையாவிட்டால் அந்தத் திண்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

வரலாற்றில் கார்செட்டுக்கும் பிரேஸுக்கும் ஒரே வேர்தான். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஃபயெட் டெய்லர் 1863இல் முதுகெலும்புக் காசநோய்க்காக வடிவமைத்த பிரேஸ் இன்றும் அதே பெயரில் நம் சர்ஜிகல் கடைகளில் விற்கிறது. 1877இல் நியூயார்க் மருத்துவர் லூயிஸ் சேர், நோயாளியை முக்காலிச் சட்டத்தில் தாடையிலும் அக்குளிலும் வார் போட்டுத் தொங்கவிட்டு, முதுகு நீண்ட நிலையிலேயே உடலைச் சுற்றிப் பாரிஸ் சாந்துக் கட்டு போடும் முறையை எழுதினார். ஓவியர் ஃப்ரீடா காலோ 1925 பேருந்து விபத்துக்குப் பிறகான ஆண்டுகளில் அணிந்த சாந்து, தோல், எஃகுக் கார்செட்டுகளும் இந்த வழியில் வந்தவையே. சாந்துக் கார்செட்டுகளின் மேலேயே அவர் ஓவியம் தீட்டினார்.

எல்.எஸ். பெல்ட்டுக்கு வருவோம். அது மருந்துக் கடைப் பொருள் என்பதாலேயே யாரும் எப்படியும் கட்டுகிறார்கள். பெரும்பாலோர் அதைத் தொப்புளுக்கு மேலே கட்டுகிறார்கள், பயனில்லை. பெல்ட்டின் நடுப்பகுதி இடுப்பெலும்பு மேட்டின் உயரத்தில், கீழ் ஓரம் பின்னால் திரிகத்தை (முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பை) மூடியபடி இருக்க வேண்டும். மல்லாந்து படுத்து, மூச்சை விட்டுவிட்டு இறுக்குங்கள். உட்கார்ந்தால் கீழ் ஓரம் தொடையில் குத்தக்கூடாது. பின்பட்டை முதுகின் வளைவுக்குப் பொருந்தாவிட்டால் கையாலேயே வளைத்துச் சரிசெய்யலாம், அதற்குத்தான் அலுமினியம். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். பெல்ட் வலியின்போது அசைவைக் கட்டுப்படுத்தி நினைவூட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வலியில்லாதவர் பாரம் தூக்கப் பெல்ட் கட்டினால் காயம் வராது என்பதை அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994லேயே ஏற்கவில்லை. முதுகுவலியோடு காய்ச்சல், எடைக் குறைவு, காலில் பலவீனம், சிறுநீர் அடைப்பு, இருக்கைப் பகுதி மரத்துப்போதல், இவற்றில் எது இருந்தாலும் பெல்ட் வாங்கப் போகாதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள்.

கூத்துக்காரி:

மூவருக்கும் மிக்க நன்றி. பெல்ட்டைக் கைவிட்டாயிற்று. இன்னும் மூன்று சந்தேகம். சுருள் கம்பிப் பட்டை இங்கே கிடைக்கவில்லை, மாற்று உண்டா? வளைவு உள்ள உடலுக்கு இரண்டு பாதியையும் ஒரே அளவில் வெட்டலாமா? குனிந்து கடிதம் எடுக்கும் இடத்தில் என்ன செய்வது?

ஊசிமுனை:

பக்கத்து வளைவுகளுக்கு எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் அகலக் கேபிள் டை போதும். பூட்டுத் தலையை வெட்டிவிட்டு, முனைகளை வட்டமாகத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். உடல் சூட்டில் அது அந்த உடலின் வளைவுக்கே படியும், சில காட்சிகளில் அதுவே நன்மை. கண்களுக்குப் பக்கத்தில் மட்டும் கேபிள் டை ஆகாது, அங்கே ஸ்டீல்தான்.

இரண்டு பாதியையும் தனித்தனியாக அளந்து வெட்டுங்கள். முதுகெலும்பிலிருந்து முன் நடுக்கோடு வரை இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று மூன்று உயரங்களில் குறித்துக்கொள்ளுங்கள். அக்குளிலிருந்து இடை வரை உயரமும் இரு பக்கமும் வேறுபடலாம். வெளித்தோற்றம் சமமாக வேண்டுமென்றால் பள்ளமான பக்கத்தில் உள்ளே மெல்லிய பஞ்சுத் திண்டு வைக்கலாம். புடைத்த பக்கத்தை அழுத்திச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள். ஒத்திகைக்கு முன் அவர் தன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

இடுப்பை மடக்கிக் குனிய முடியாது, பஸ்க் விடாது. முதுகை நேராக வைத்து, ஒரு காலைப் பின்னால் நகர்த்தி, முழங்காலை மடக்கித் தாழ்ந்து எடுக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெண்ணும் அப்படித்தான் எடுத்திருப்பாள், பார்க்கவும் சரியாக இருக்கும். இதே காரணத்தால் காலுறையும் பூட்ஸும் கார்செட்டுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு கால் கைக்கு எட்டாது.

தண்டுவடம்:

மூச்சு பற்றி ஒன்று. கட்டிய பிறகு வயிறு விரியாது, மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறும், நீண்ட வசனம் பாதியில் அறுந்து நிற்கும். அதனால் கார்செட்டை ஒத்திகையின் முதல் வாரத்திலிருந்தே போட வேண்டும். முதல் நாள்களில் தளர்வாக, ஒரு மணி நேரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 27க்கு வரட்டும். நாடகத்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடக்கூடாது. தலைசுற்றல், கை கால் மரப்பு, கூரான வலி, இவை வந்தால் உடனே தளர்த்துங்கள். மேடைக்குப் பின்னால் கயிறு அவிழ்க்கத் தெரிந்த ஓர் ஆள் எப்போதும் நிற்கட்டும்.

பேழை:

உள்ளே முதலில் மெல்லிய பருத்தி ஷிமீஸ், அதன் மேல் கார்செட், அதன் மேல் கார்செட் உறை, பிறகுதான் கவுன். ஷிமீஸ் வியர்வையை வாங்கிக்கொள்ளும், கார்செட்டை அடிக்கடி துவைக்க வேண்டியிருக்காது. காட்சிக்கு ஒன்றாக மாற்ற நான்கு ஷிமீஸாவது வையுங்கள். கவுனுக்கான அளவைக் கார்செட் கட்டிய உடலில்தான் எடுக்க வேண்டும். வெறும் உடலில் எடுத்துத் தைத்தால் கவுன் இடையில் தொங்கும், மார்பில் பிடிக்கும்.

ஊசிமுனை:

கழற்றும்போது கயிற்றை நன்றாகத் தளர்த்திவிட்டுப் பிறகு பஸ்க்கைத் திறக்கச் சொல்லுங்கள். இறுக்கத்தோடு திறக்க முயன்றால் குமிழ் வளையும் அல்லது துணியோடு பிய்யும். இடைவேளையில் அவசரமாகக் கழற்றும்போதுதான் இது நடக்கும். உங்கள் நாயகி மேடையிலேயே கழற்றுவதாக இருந்தால், அந்தக் காட்சிக்கு முன் திரைக்குப் பின்னால் முன்கூட்டியே இரண்டு அங்குலம் தளர்த்திவிட்டு அனுப்புங்கள்.